அத்தான் கட்டிய வட்டி எங்கே போனது?

வட்டி ஏறினால் பங்குச் சந்தை இறங்கும் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். காரணமும் எளிதாகப் புரியும். பேங்கில் போட்டாலே நல்ல வட்டி கிடைக்கும்போது ரிஸ்க் எடுத்துப் பங்கு வாங்க ஆள் குறையும். கடனில் ஓடுகிற கம்பெனிக்கு வட்டிச் செலவு கூடி லாபம் சுருங்கும். பத்து வருஷம் கழித்து வரப்போகிற லாபத்துக்கு இன்றைக்குக் கொடுக்கிற விலையும் குறையும். 2022 மே 4ஆம் தேதி ரிசர்வ் வங்கி வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் பேங்குகளுக்குத் தான் கொடுக்கிற கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியபோது சென்செக்ஸ் அன்றைக்கே 1,300 புள்ளி விழுந்தது. ஜூன் நடுவில் 51,000 பக்கம் வந்து நின்றது. பாடம் அச்சு அசலாக நடந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. மே மாதத்துக்குப் பிறகு இன்னும் ஐந்து தடவை ஏற்றினார்கள். 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.50க்கு வந்து, அங்கேயே இரண்டு வருஷம் அசையாமல் இருந்தது. சந்தையோ ஜூன் மாத அடிமட்டத்திலிருந்து எழுந்து, ஒவ்வொரு ஏற்றத்தையும் தாண்டி நடந்து, 2024 செப்டம்பர் கடைசியில் 86,000ஐ எட்டிப் பிடிக்கிற தூரத்துக்குப் போய்விட்டது. டிவியில் கேட்டால் ‘லிக்விடிட்டி’, அதாவது சந்தைக்குள் பாய்கிற பணம், என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் நான். வட்டி ஏறியதால் யார் யாருக்கு எங்கெங்கே வலித்தது என்பது என் மேஜைக்கு வருகிற காகிதங்களில் தெரியும். வலி இவ்வளவு இருக்கும்போது சந்தையின் கோடு மட்டும் ஏன் மேலே போகிறது என்ற கேள்வி ராத்திரி படுத்த பிறகும் கூடவே இருந்தது.

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆன என் மாமா இதை வேறு மாதிரி கேட்டார். “மருமவனே, ஆறரை வட்டிய போயி பெரிய வட்டிங்கிய. நாங்க பேங்க்ல பன்னெண்டு, பதிமூணு வாங்கினவங்கல்லா?” அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1991 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் அன்றைய அடிப்படை வட்டியான பேங்க் ரேட் 12 சதவீதம். அந்த வருஷத் தொடக்கத்தில் ஆயிரத்தை ஒட்டியிருந்த சென்செக்ஸ் 1992 ஏப்ரலில் 4,467. அதில் மோசடித் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் கைவரிசை எவ்வளவு என்பது தெரிந்த கதை, அதைத் தள்ளிவிடுவோம். 2005 அக்டோபருக்கும் 2007 மார்ச்சுக்கும் நடுவில் ரெப்போ 6லிருந்து 7.75க்குப் போனது. 2004 தொடக்கத்தில் ஆறாயிரம் பக்கம் இருந்த சென்செக்ஸ் 2007 டிசம்பரில் இருபதாயிரம். அந்த ஏற்றத்தில் மோசடி இல்லை. தொழில் நடந்தது, லாபம் வந்தது, விலை ஏறியது. ஆக, வட்டியும் சந்தையும் சேர்ந்து ஏறுவது நம் ஊரில் புதுசில்லை.

விலைவாசியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். தக்காளி விலையைக் கேட்டுவிட்டு ஜங்ஷன் மார்க்கெட்டில் ஆட்கள் திரும்பிப் போன மாதம் அது. அந்த மாதத்தில் 6.50 ரெப்போ என்பது விலைவாசிக்குக் கீழே இருக்கிற வட்டி. மாமாவின் டெபாசிட்டுக்கு 7 கிடைத்தாலும் விலைவாசி அதைத் தின்றுவிடும். சோப்பும் சிமெண்டும் விற்கிற கம்பெனி விலையை ஏற்றிக்கொள்ளும். வாத்தியார் பென்ஷனில் வட்டி வாங்குகிறவர் எதை ஏற்றுவார்? பணவீக்க காலத்தில் டெபாசிட்டை விடப் பங்கு பக்கம் ஆட்கள் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேடிசி நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கேள்வி மட்டும் தீரவில்லை. தீர ஆரம்பித்தது அத்தான் வீட்டில்.

அத்தான் கேடிசி நகரில் வீடு கட்டினவர். 2021 கடைசியில் 30 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீதம். மாதத் தவணை 23,260 ரூபாய் சொச்சம். 2023 நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோன் ஸ்டேட்மெண்டை எடுத்து என் முன்னால் போட்டார். ‘அசல்’ என்ற கட்டத்தில் மாதம் 5,700 ரூபாய்க்கு மேல் கழிந்துகொண்டிருந்தது, 3,000 சொச்சமாகி, 1,000 சொச்சமாகி, பிறகு சில நூறுகளாகி, அப்புறம் ஒன்றுமே இல்லை. கணக்கு இதுதான்: ரெப்போ 2.5 கூடியதும் அவருடைய 7 சதவீதம் 9.5 ஆனது. 30 லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 23,750. பாக்கி அதற்குள் கொஞ்சம் குறைந்திருந்தது. அப்படியும் கட்டுகிற தவணை முழுவதையும் வட்டியே சாப்பிட்டுவிட்டது. கட்டக் கட்டக் கடன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 20 வருஷத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் தவணை 28,000 பக்கம் போக வேண்டும். இந்த மாதிரி நிலைமை நாடு முழுக்க இருந்ததால்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும், தவணை வட்டிக்கே போதாமல் அசல் கூடுகிற நிலைமை வரக்கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது.

அத்தான் கோபக்காரர் கிடையாது. ஸ்டேட்மெண்டை மடித்துக்கொண்டே, “மாப்ள, நா கூடுதலா கட்டுத வட்டி எங்க போவுது?” என்று மட்டும் கேட்டார். அவருடைய போனில் அந்த நேரம் ஒரு செய்தி திறந்து கிடந்தது: பொதுத்துறை பேங்குகளின் லாபம் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது என்று. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. நான் அவ்வளவு நாள் தேடிக்கொண்டிருந்த பதில் அந்த ஸ்டேட்மெண்டுக்கும் அந்தச் செய்திக்கும் நடுவில் இருந்தது.

2019 அக்டோபர் முதல் வீட்டுக்கடன் போன்ற மிதக்கும் வட்டிக் கடன்களை ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு கட்டிப் போட வேண்டும் என்பது விதி. ரெப்போ ஏறினால் மூன்று மாதத்துக்குள் அத்தானின் வட்டி ஏறிவிடும். டெபாசிட் அப்படி இல்லை. மாமா 2021ல் ஐந்தரை சதவீதத்துக்கு மூன்று வருஷ டெபாசிட் போட்டு வைத்திருந்தார். அந்த ரசீது முடிகிற வரை ஐந்தரைதான். பாபநாசத்தில் மதகைத் திறந்தாலும் கடைமடைக் குளத்துக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகிற மாதிரி, கடன் வாங்கியவருக்கு உடனே வருகிற வட்டி ஏற்றம் டெபாசிட்காரருக்கு வருஷம் கழித்துத்தான் வருகிறது. நடுவில் இருக்கிற அந்த இடைவெளி பேங்கின் லாபம். அத்தானிடம் கூடுதலாக வாங்கினார்கள், மாமாவுக்குப் பழையதையே கொடுத்தார்கள். எங்கள் ஒரே குடும்பத்துக்குள் இந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

2017-18ல் பொதுத்துறை பேங்குகள் எல்லாம் சேர்ந்து 85,000 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டின. 2022-23ல் சுமார் 1.04 லட்சம் கோடி லாபம். 2023-24ல் 1.41 லட்சம் கோடி. வாராக்கடன் குறைந்து அதற்காக லாபத்திலிருந்து ஒதுக்குகிற பணம் குறைந்ததும் இதற்குப் பெரிய காரணம், வட்டி இடைவெளி மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நேரத்தைப் பாருங்கள்: வட்டி ஏறுகிற வருஷங்களில்தான் பேங்குகள் இவ்வளவு சம்பாதித்தன. ஐம்பது பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேங்கும் மற்ற நிதிக் கம்பெனிகளும். வட்டி ஏறியதைத் தாங்கிக்கொண்டு சந்தை ஏறியது என்று நாம் பேசுகிறோம். சந்தையில் பெரிய ஒரு பகுதிக்கு ஏறிய வட்டிதான் வருமானம். ‘ஏறியும்’ என்று கேட்பதற்குப் பதில் ‘ஏறியதால்’ என்று கேட்டிருந்தால் பாதிப் பதில் முன்பே வந்திருக்கும்.

அத்தானிடம் இதைச் சொன்னேன். அவர் மாதம் ஐயாயிரம், நிஃப்டி பங்குகளையே வாங்குகிற ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி (மாதா மாதம் தானாகக் கழிகிற முதலீடு) போடுகிறார். அதில் ஏறக்குறைய 1,700 ரூபாய் பேங்க், நிதிக் கம்பெனிப் பங்குகளுக்குப் போகிறது. அவர் கட்டுகிற கூடுதல் வட்டியில் ஏதோ ஒரு துளி அவர் ஃபண்டுக்கே திரும்பி வருகிறது. “துளி தானல?” என்றார். ஆமாம், துளிதான்.

கடன் யாரிடம் இருக்கிறது

மீதிப் பாதிப் பதிலுக்கு, கடன் யார் தலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மத்திய வங்கி ஒரு வருஷம் நாலு மாதத்துக்குள் வட்டியைப் பூஜ்யத்திலிருந்து 5.25-5.50க்குக் கொண்டுபோனது. எஸ்&பி 500 குறியீடு 2022ல் 19 சதவீதம் விழுந்து, 2023ல் 24 சதவீதம் ஏறியது. அங்கே வீட்டுக்கடன் பெரும்பாலும் 30 வருஷத்துக்கு ஒரே நிலையான வட்டி. 2021ல் மூன்று சதவீதத்துக்குக் கடன் வாங்கியவருக்கு ஏற்றம் வாசல் பக்கமே வரவில்லை. பெரிய கம்பெனிகளும் மலிவாக இருந்தபோதே நீண்ட காலத்துக்குக் கடன் வாங்கி வைத்துக்கொண்டன. கையில் ரொக்கம் குவித்து வைத்திருந்த தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு வட்டி ஏற்றம் கூடுதல் வருமானமாகவே வந்தது.

இங்கே பெரிய கம்பெனிகள் 2015க்குப் பிறகு கடன் சுமையைக் குறைத்துக்கொண்டே வந்தன. பட்டபாடு அப்படி, வாராக்கடன் காலத்தில் எத்தனை கம்பெனிகள் மூழ்கின என்று எல்லாருக்கும் தெரியும். வட்டி ஏற ஆரம்பித்தபோது பட்டியலில் மிஞ்சியிருந்தவை கடனைத் தாங்கக்கூடியவை. அரசாங்கமும் வட்டியைப் பார்த்துச் செலவை நிறுத்தவில்லை. 2023-24 பட்ஜெட்டில் மூலதனச் செலவுக்கு 10 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். அந்த செப்டம்பரில்தான் நெல்லைக்கு வந்தே பாரத் வந்தது. ரயில்வேக்குக் கடன் திரட்டிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஐஆர்எஃப்சியின் பங்கு, 2021 ஜனவரியில் 26 ரூபாய்க்கு வெளியானது, 2024 ஜூலையில் 200ஐத் தாண்டியது. கடன்தான் சரக்கு, அப்படியும் ஏறியது. அரசாங்கம் செலவழித்துக்கொண்டே இருக்கும் என்று சந்தை நம்பியது.

நம் ஊரிலேயே இதைவிடத் துலக்கமாக ஒன்று நடந்தது. தாழையூத்து இந்தியா சிமெண்ட்ஸ். 1946ல் தொடங்கின கம்பெனி. 1949லிருந்து சங்கர் நகர் ஆலையின் சங்கு கேட்டு வளர்ந்த ஊர்கள் எத்தனை. கல்லிடைக்குறிச்சிக்காரர் சங்கரலிங்க ஐயர் பெயரில்தான் சங்கர் நகர். மாமாவிடமும் அந்தப் பங்கு கொஞ்சம் இருந்தது. கம்பெனி கடனிலும் நஷ்டத்திலும் திணறிக்கொண்டிருந்தது. பாடப் புத்தகப்படி வட்டி உச்சியில் இருக்கிற 2024ல் அந்தப் பங்கு இன்னும் விழுந்திருக்க வேண்டும். அந்த ஜூலையில் அல்ட்ராடெக் என்ற பெரிய சிமெண்ட் கம்பெனி, இந்தியா சிமெண்ட்ஸ் பங்கு ஒன்றுக்கு 390 ரூபாய் கொடுத்து, கம்பெனியை நடத்திவந்த புரமோட்டர்களின் 32.72 சதவீதத்தை வாங்குவதாக அறிவித்தது. அதற்குச் சில மாதம் முன்புவரை 200 ரூபாய் பக்கம் கிடந்த பங்கு அது. டிசம்பரில் ஆலை கைமாறியது. மாமாவுக்கு விலை கிடைத்ததில் சந்தோஷம், சங்கர் நகர் வேறு கைக்குப் போனதில் வருத்தம். “ரெண்டும் ஒண்ணா வருதுய்யா” என்றார்.

எனக்கு அந்த வருத்தம் நியாயமாகத்தான் பட்டது. வட்டி கூடிய காலத்தில் கடனில் தவிக்கிற கம்பெனியைப் பணபலம் உள்ள கம்பெனி வாங்குகிறது. வாங்கியது இன்னும் பெரிதாகிறது. சென்செக்ஸில் நாம் பார்ப்பது அப்படிப் பெரிதானவர்களின் விலையை. வட்டியைத் தாங்க முடியாதவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை, ஒருநாள் இருந்திருந்தாலும் வெளியே எடுக்கப்பட்டுவிடுவார்கள். அவர்களுடைய வலி குறியீட்டில் தெரிய வழியே கிடையாது.

பட்டியலில் இல்லாதவர்களில் ஒருவர் டவுணில் ரத வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. அவர் கணக்கை நான்தான் எழுதுகிறேன். பேங்கில் சிசி லிமிட் (சரக்கு வாங்க வேண்டும்போது எடுத்துக்கொள்கிற கடன் வரம்பு) இருக்கிறது, ஆனால் அவர் சரக்குக்கு அது பாதிக்குத்தான் காணும். மீதிக்குத் தனியார் ஃபைனான்ஸில் ‘ரெண்டு வட்டி’. நூற்றுக்கு மாதம் இரண்டு, வருஷத்துக்கு 24. ரெப்போ ஏறியதும் சிசி வட்டி ஏறியது. பேங்க் லிமிட்டைக் கூட்டித்தர யோசித்தது. அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் ரெண்டு வட்டிக்குப் போனார். 2023ல் ஆவணி முகூர்த்தத்துக்கு எவர்சில்வர் குத்துவிளக்கும் பித்தளை அண்டாவும் எடுக்க வேண்டிய நேரத்தில் பாதிச் சரக்குதான் எடுத்தார். கேட்டு வந்தவர்கள் பைபாஸ் பக்கம் இருக்கிற பெரிய கடைகளுக்குப் போனார்கள். அந்த விற்பனை எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. கடனைத் தாங்குகிற கடைக்கு மாறியது, அவ்வளவுதான். கந்துவட்டி என்றால் என்ன என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே எரிந்ததைப் பார்த்த ஊர் இது. இந்த வட்டிகளுக்கும் மும்பையில் அறிவிக்கிற 6.50க்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எந்தக் கோட்டிலும் காட்ட முடியாது.

மாதா மாதம் வருகிற பணம்

டிவிக்காரர்கள் சொல்கிற லிக்விடிட்டிக்கு வருகிறேன். அது பொய் கிடையாது, யாருடைய பணம் என்று சொல்லாமல் விடுவதுதான் குறை. வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் 2022ல் சுமார் 1.2 லட்சம் கோடிக்கு இந்தியப் பங்குகளை விற்றுவிட்டுப் போயின. அப்படியும் அந்த வருஷம் சென்செக்ஸ் நாலு சதவீதம் போல ஏறித்தான் முடிந்தது. வாங்கியது உள்ளூர் பணம். எஸ்ஐபி வழியாக 2022 ஏப்ரலில் 12,000 கோடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, 2024 செப்டம்பரில் 24,500 கோடி. சம்பளம் கணக்கில் ஏறிய மறுநாள் தானாகக் கழிகிற பணம் ரெப்போவைப் பார்ப்பதில்லை.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது முக்கூடலில் இருக்கிற என் பெரியம்மையை. வாசல் திண்ணையில் மடியில் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூளை அள்ளிப் போட்டு, நுனியை மடக்கி, நூல் சுற்றி, ஒரு பீடி முடிவதற்குள் அடுத்த இலை கைக்கு வந்திருக்கும். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. இந்தப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் பி.எஃப். கணக்கு இருக்கிறது. அந்தப் பி.எஃப். பணத்தை நிர்வகிக்கிற இபிஎஃப்ஓ 2015 ஆகஸ்ட் முதல் புதிதாக வருகிற பணத்தில் ஒரு பகுதியைப் ஈடிஎஃப் எனப்படுகிற, குறியீட்டைப் பின்பற்றிப் பங்கு வாங்குகிற ஃபண்டுகளில் போடுகிறது. முதலில் 5 சதவீதம், இரண்டு வருஷத்தில் 15. அவர்கள் கூலியிலிருந்து பிடித்த பணமும் நிஃப்டியைத் தாங்கி நிற்கிறது. நான் இதைப் பெரியம்மையிடம் சொன்னபோது, “அப்பம் அது விழுந்தா எம் பணமும் போயிருமாய்யா?” என்று கேட்டாள். வட்டி வருஷா வருஷம் அறிவித்துத்தான் கொடுப்பார்கள், 2023-24க்கு 8.25 என்று சொல்லி விளக்கினேன். அவள் முகம் முழுசாகத் தெளியவில்லை. அவளுடைய கேள்வி சரியான கேள்வி. மாதா மாதம் வந்து சேர்கிற இந்தப் பணம்தான் உயர்ந்த வட்டியிலும் விலையைத் தூக்கிப் பிடித்தது என்றால், விலை இறங்குகிறபோது கீழே நிற்கிறவர்களும் இவர்கள்தான்.

இறங்கவும் செய்தது. 2024 அக்டோபர் ஒரே மாதத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் சுமார் 94,000 கோடிக்கு விற்றன. கம்பெனிகளின் லாப வளர்ச்சி மங்கியது, டெபாசிட் வட்டி மெதுவாக எட்டிப் பிடித்ததில் பேங்குகளின் இடைவெளியும் குறுகியது. 2025 பிப்ரவரி 7ஆம் தேதி, எல்லாரும் காத்திருந்த வட்டிக் குறைப்பு வந்தது, 6.50 என்பது 6.25. அந்த மாதம் நிஃப்டி ஏறக்குறைய ஆறு சதவீதம் விழுந்தது. உச்சத்திலிருந்து பார்த்தால் 15 சதவீதத்துக்கு மேல் சரிவு. வட்டி மேலே இருந்தபோது ஏறிய சந்தை, வட்டி இறங்கிய மாதத்தில் விழுந்தது. சந்தை வட்டியின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, அதை யார் கட்டுகிறார்கள், யார் வாங்குகிறார்கள், அடுத்த வருஷம் லாபம் எப்படி இருக்கும் என்று சேர்த்தே பார்க்கிறது என்று அப்போது எனக்கு உறுதியாகிவிட்டது.

ஜூனுக்குள் ரெப்போ 5.50க்கு வந்தது. அத்தானின் வட்டி, பேங்க் அதை மாற்றி அமைக்கிற அடுத்த ரீசெட்டிலேயே இறங்கியது, அசல் கட்டத்தில் மறுபடி நாலு இலக்கம் தெரிகிறது. மாமா 2024ல் ஏழு சொச்சத்துக்குப் புதுப்பித்த டெபாசிட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை இடைவெளியை இழக்கிற பக்கத்தில் பேங்க் இருக்கிறது. அண்ணாச்சியின் ரெண்டு வட்டி ரெண்டு வட்டியாகவே இருக்கிறது. அதில் ஒரு சதவீதக் குறைப்பு யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவருடைய ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட் எல்லாம் சேர்த்து, சிசி லிமிட்டைக் கூட்டக் கேட்டு பேங்குக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தனியார் கடனை அடைக்கிற அளவுக்குக் கிடைத்தால் அந்தப் பணத்துக்கு அவர் கட்டுகிற வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடும். அடுத்த ஆவணி முகூர்த்தத்துக்குச் சரக்கு எடுக்க, ஆடி முடிவதற்குள் பணம் கைக்கு வர வேண்டும்.